சென்றாயன் வேனின் மூன்றாவது பிஸ்டன்

சென்றாயன் வேனின் இன்ஜினில் முதல் போல்ட் தானாகக் கழன்ற காலையில் வாய்க்கால்பட்டியில் யாரும் அதிசயத்துக்காகக் காத்திருக்கவில்லை. சந்தைக்குப் போகிற வண்டிகள் போய்க்கொண்டிருந்தன, எதிர்த்த டீக்கடையில் வடை வெந்துகொண்டிருந்தது, பட்டறைக்குள் மெக்கானிக் ஜக்கையன் அந்தப் போல்ட்டின் தலையில் ஸ்பானரை மாட்டி அப்படியே தொங்கவிட்டுவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, இந்த இன்ஜினைக் காயலான் கடைக்குத்தான் போட வேண்டும் என்பதைப் போதுமணியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

போதுமணி, சென்றாயனின் கடைசி மகள். வரிசையாகப் பெண்களாகப் பிறந்ததால் இதோடு போதும் என்று வைத்த பெயர். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்தது அந்தப் பெண்களில் அவள் ஒருத்திதான், கீழ்நாட்டுச் சமவெளியில் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா சென்றாயன் எங்கள் வாய்க்கால்பட்டிக்கும் மலைமேல் இருக்கிற மேல்சுனைக்கும் நடுவே அந்தப் பச்சை வேனை ஓட்டியவர். கல்யாணப் பெண்ணை இறக்கிக்கொண்டு வந்ததும் அது, காப்பிக்கொட்டை மூட்டையைச் சுமந்ததும் அது, காய்ச்சல்காரரைத் தாங்கி வந்ததும், செத்தவரைத் திருப்பிக்கொண்டு போனதும், பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளுக்காகப் புளியமரத்தடியில் ஆரன் அடித்துக் காத்துக்கிடந்ததும் அதுதான். பிறகு ஒரு மழைக்காலத்தில் அவர் அதை எங்கள் ஊரில் இருந்த தன் வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார். ஏன் நிறுத்தினார் என்பது மலைக்கும் தெரியும் அடிவாரத்துக்கும் தெரியும், யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. சில வருஷங்களில் அவரும் போய்ச் சேர்ந்தார். மழைத் தண்ணீர் சைலன்சர் வழியாகவும் கிழிந்த ரப்பர் வழியாகவும் இன்ஜினுக்குள் இறங்கி, இரும்பை இரும்போடு சேர்த்துக் கட்டிப்போட்டது.

அதற்குப் பிறகு மேல்சுனைக்காரர்கள் நோயாளியைக் கம்பில் கட்டிய போர்வைக்குள் படுக்கவைத்து, தோள் மாற்றித் தோள் மாற்றித்தான் கீழே கொண்டுவந்தார்கள். அந்த மலைப்பாதை வளைவுகளில் திரும்புகிற அளவுக்குக் குட்டையான வண்டி வேறு இல்லை, இருக்கிற ஜீப்புகளும் எஸ்டேட் சொன்னால்தான் ஏறும். அதனால்தான் போதுமணி பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, அப்பாவின் வேனை டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு ஜக்கையன் பட்டறைக்கு வந்தாள். இதை நான் ஓட்டப் போறேன், நீங்க எழுப்பிக் குடுங்க அண்ணே என்று சொன்னாள்.

ஜக்கையன் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தார். இன்ஜினைச் சங்கிலி போட்டுத் தூக்கி மேடையில் வைத்து, டீசலும் பிரேக் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறவிட்டார். கேஸ் விளக்கில் சூடு காட்டி ஆறவிட்டார். துரு உதிரட்டும் என்று சுத்தியலால் பதமாகத் தட்டினார். ஸ்பானரில் நீளக் குழாயைச் சொருகி, அவளும் அவரும் சேர்ந்து தொங்கியதில் குழாய்தான் வளைந்தது. இதற்கு மேல் முரட்டுத்தனம் பண்ணினால் போல்ட்டின் கழுத்து முறிந்து உள்ளேயே தங்கிவிடும்.

அப்போதுதான் கீரைக்கார முத்துப்பேச்சி அந்தப் பக்கமாக வந்தாள். பச்சை வேனைப் பார்த்து நின்றாள், கூடையை இறக்கினாள், கேட்காமலே பட்டறைக்குள் வந்து, மேடையில் இருந்த இன்ஜின்மேல் கையை வைத்தாள். அவளுடைய மூத்த மகன் இந்த வேனில்தான் பிறந்தான் என்றும், சென்றாயன் வண்டியை ஓரங்கட்டி, தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பிரசவம் முடிகிறவரை மழையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார் என்றும் போதுமணிக்குச் சொன்னாள். அதன் பிறகு மனுஷர்களை விட்டுவிட்டு இன்ஜினைப் பார்த்தே சொன்னாள்.

"நீ நல்லாருப்ப. அன்னிக்கு நீ நடுவழியில மக்கர் பண்ணாம வந்தியே, அதுதான் நானும் எம்புள்ளையும்."

தொங்கிக்கொண்டிருந்த ஸ்பானர் தன் எடையிலேயே மெல்லச் சுற்றி, போல்ட்டோடு சேர்ந்து தரையில் விழுந்தது.

ஜக்கையன் அதை எடுத்து, மரையைப் பார்த்து, துணியால் துடைத்து, டப்பாவில் போட்டார். ஊறவைத்த டீசல் இப்போதுதான் வேலை செய்கிறது என்றார். கொஞ்ச நேரம் கழித்து, முத்துப்பேச்சியின் முகத்தைப் பார்க்காமலே, வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார்.

அவளுக்கு இருந்தது. அவளுக்கு இருந்ததில் இன்னொரு போல்ட் கழன்றது. அவளை அடுத்து டீக்கடைக்காரர் வந்து, அவருடைய அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்ததைச் சொன்னதில் சைலன்சர் பக்கத்து நட்டு ஒன்று. இப்படியாகச் சேதி சந்தைக்குப் போய், சந்தையிலிருந்து காப்பி மூட்டையோடு மலையேறி, அந்த வார முடிவில் மேல்சுனைக்காரர்கள் குளித்துத் தலைவாரி, திருவிழாவுக்கு இறங்குகிற மாதிரி இறங்கிவந்தார்கள். ஏன் இப்படி நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. எந்தப் போல்ட் யாருடையது என்பதுதான் கேள்வியாக இருந்தது. ஏனென்றால் ஒருவர் சொல்லுக்கு ஒன்றுதான் அசைந்தது, அடுத்தவர் சொல்லி அதை அசைக்க முடியவில்லை.

ஊர்ப் பிரமுகர் ஒருவர் ஆட்களோடு வந்தார். இன்ஜினுக்குப் பொன்னாடை போர்த்தினார். மலைவாழ் மக்களின் சார்பில் தன் நெஞ்சார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்வதாக நீளமாகப் பேசினார். அவர் பேசப் பேச, ஏற்கெனவே கழற்றித் தளர்வாக மாட்டிவைத்திருந்த நாலைந்து நட்டுகள் ஒவ்வொன்றாகத் திரும்ப இறுகிக்கொண்டன. ஜக்கையன் பொன்னாடையை மடித்து அவர் கையிலேயே கொடுத்து, டீ வாங்கித் தந்து அனுப்பிவைத்தார். நன்றி என்ற சொல் அந்த இரும்புக்குள் இறங்காது என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது. அது மேடையில் சொல்கிற வார்த்தை, எங்கள் வீடுகளில் அம்மாவுக்கு மகனோ புருஷனுக்குப் பெண்டாட்டியோ அதைச் சொல்லிக் கேட்டதில்லை. நல்லாருப்ப என்று சொன்னார்கள், உன்னாலதான் ஆச்சு என்று சொன்னார்கள். சிலர் ஒன்றுமே சொல்லாமல் கையை வைத்துக்கொண்டு நின்றார்கள், அதற்கும் கழன்றது. ஒரு கிழவர் வந்து, தன்னுடைய ஆட்டுக்குச் சென்றாயன் முழு டிக்கெட் காசு வாங்கியதைப் பற்றி வெற்றிலை ஊறி வழிகிற வரை திட்டித் தீர்த்தார். கடைசியில், இருந்தாலும் ஆடு உயிரோடு வந்து சேர்ந்தது, இன்றைக்குத் தன் பட்டியில் இருப்பதெல்லாம் அந்த ஒரு ஆட்டின் வம்சம்தான் என்று சொல்லிச் சிரித்தார். இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டில் துருவேறிப் புதைந்திருந்த, டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர், பழுத்த பலாச்சுளையிலிருந்து கொட்டை வருகிற மாதிரி வந்தது.

இதற்குள் ஊர் வேறு மாதிரி ஆகிவிட்டிருந்தது. இரும்புக்கே இப்படியென்றால் என்று ஆளாளுக்கு யோசிக்க ஆரம்பித்தார்கள். பஞ்சாயத்துக் கைபம்பைச் சுற்றி நின்று பெண்கள் பேசிப் பார்த்ததில் அதன் கிறீச்சென்ற சத்தம் மட்டும் நின்றது. ஒருவர் தன் சைக்கிளிடம் அரை நாள் பேசினார், செயின் அப்படியே இருந்தது, அந்தச் சைக்கிள்தான் தனக்குக் கடன்பட்டிருக்கிறது என்று முடிவுசெய்து எழுந்துபோனார். ஓய்வுபெற்ற கம்பவுண்டர் வீட்டு வாசலில் ஒரே காலையில் ஏழெட்டுப் பேர் வந்து நின்று, அந்த ஊசி, இந்தக் கட்டு என்று பழையதையெல்லாம் எடுத்துச் சொல்ல, தனக்கு ஏதோ முடியாமல் போய்விட்டது என்று ஊருக்குள் பேச்சோ என்று பயந்துபோன அவர், எழுந்து நடந்து காட்டினார். மாமியார்கள் சாப்பிட்டு முடித்துவிட்டுக் குழம்பைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார்கள். மருமகள்கள் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அடுத்த நாள் இன்னும் நன்றாகவே வைத்தார்கள்.

ஹெட் மேலே வந்தது. அடியில் கிராங்கோடு பிஸ்டன் ராடுகளைப் பிடித்திருந்த மூடிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. மிச்சம் நாலு பிஸ்டன்கள், நாலும் தங்கள் குழிக்குள் துருவோடு துருவாகப் பிடித்துக்கொண்டு நின்றன. முதல் பிஸ்டன் பரீட்சைக்குப் போன பிள்ளைகளுடையது. அவர்களில் நர்ஸாகிவிட்ட ஒருத்தி யூனிபாரத்தோடு வந்து நின்ற அன்று அது ஒரு விரல் அளவு கீழே இறங்கியது. ஜக்கையன் அடியிலிருந்து மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டி அதை வெளியே எடுத்தார். இரண்டாவது, செத்தவர்களைத் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்த்ததற்கு. நாலாவதை மேல்சுனையின் அத்தனை கல்யாணப் பெண்களும் சேர்ந்துதான் அசைக்க முடிந்தது, அவர்களில் பாதிப் பேர் பேரன் பேத்தியோடு வந்திருந்தார்கள்.

மூன்றாவது அசையவில்லை. வந்தவர்களே திரும்ப வந்தார்கள், மறந்துபோனதையெல்லாம் தோண்டி எடுத்துச் சொன்னார்கள், மூன்றாவது பிஸ்டன் அப்படியே நின்றது. ஒரு நாள் டீக்கடை பெஞ்சில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினார்கள். யார் பாக்கி என்பது எல்லாருக்கும் ஒன்றாகத் தெரிந்துபோனது.

மேல்சுனையில் ஏலக்காய் எடுக்கிற ராமுத்தாய் என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்குச் செவந்தி என்று ஒரே மகள், ஆறேழு வயசு. மழைக்காலத்தில் ஏலக்காட்டுக்குள் அந்தப் பிள்ளையைப் பாம்பு கொத்தியது. சென்றாயன் வேனில்தான் கீழே கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது பிள்ளைக்கு உயிர் இல்லை. அன்றைக்குத்தான் சென்றாயன் வண்டியைக் கொண்டுபோய் வீட்டுக்குப் பின்னால் நிறுத்தினார். ராமுத்தாயும் மலையை விட்டு இறங்கி, பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போய்விட்டாள்.

பெரியவர்கள் சிலர், பக்குவமாகப் போய்க் கேட்டுப் பார்க்கலாம் என்றார்கள். மழைக்காலம் நெருங்குகிறது, மேல்சுனையில் இரண்டு பெண்கள் மாசமாக இருக்கிறார்கள் என்றார்கள். அதுவரை யாரையும் எதிர்த்துப் பேசாத போதுமணி எழுந்து நின்றாள்.

"பிள்ளையப் பறிகுடுத்தவங்ககிட்டப் போயி, அந்த வண்டிக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கன்னு எந்த வாயால கேக்குறது? அப்படிக் கேட்டுத்தான் இது ஓடணும்னா, ஓட வேண்டாம்."

அவள் கேட்க விடவில்லை. வேறு வழி ஒன்றுதான் இருந்தது, உளி வைத்துப் பிஸ்டனை உடைத்து எடுப்பது. உளி ஒரு மயிரிழை விலகினாலும் பிஸ்டன் குழிகள் இருக்கிற பிளாக் விரிசல் விட்டுவிடும், அந்த வண்டிக்கு இன்னொரு பிளாக் எங்கேயும் கிடையாது, விரிசல் விட்டால் அதோடு வேனும் இல்லை. ஜக்கையன் அதையெல்லாம் சொன்னார். தெரியும் அண்ணே, உடைங்க என்றாள். சந்தை கழிந்த மறுநாள் உடைப்பதாகப் பேசிக்கொண்டார்கள்.

அந்த மறுநாள் காலையில் ஜக்கையன் உளியைத் தீட்டிக்கொண்டிருந்தபோது, பள்ளத்தாக்கிலிருந்து வருகிற பஸ்ஸிலிருந்து ஒரு பெண் இறங்கி, பட்டறையைப் பார்த்து நடந்துவந்தாள். திராட்சை வெட்டிக் கறைபட்ட விரல்கள், கையில் ஒரு மஞ்சள் பை. யாரும் போய்ச் சொல்லவில்லை, தோட்டத்தில் கூட வேலை செய்கிறவர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டு அவளாகவே வந்திருந்தாள். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். போதுமணி முன்னே போய், வாங்க அத்தை என்றாள்.

ராமுத்தாய் இன்ஜின் பக்கம் போகவில்லை. இன்ஜின் இல்லாமல் நின்ற வேனின் முன்கதவைத் திறந்து, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு சொன்னாள், நாங்கள் வாசலில் நின்று கேட்டோம்.

செவந்தி வலியில் கத்திக்கொண்டு வந்தாளாம். முதல் வளைவு திரும்பியதும் சென்றாயன், எனக்குக் கை வலிக்குது பாப்பா, இன்னிக்கு நீதான் ஓட்டணும் என்று சொல்லி, பிள்ளையை வாங்கித் தன் மடியில் உட்காரவைத்து, இரண்டு கையையும் எடுத்து ஸ்டியரிங்மேல் வைத்துவிட்டாராம். ஒவ்வொரு வளைவிலும் எந்தப் பக்கம் திருப்பணும் என்று அவளைக் கேட்டாராம், அவள் சொன்ன பிறகுதான் திருப்பினாராம். ஆரன் அடிக்கச் சொன்னாராம். அவள் அடித்தாளாம். அழுகை நின்று, ஒரு வளைவில் எதிரே நின்ற மாடு ஆரனுக்குப் பயந்து ஓடியதைப் பார்த்துச் சிரித்தாளாம். பாறை வளைவைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பிள்ளையின் கை நழுவியது. அப்புறமும் அவர் அந்தக் கையை ஸ்டியரிங்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வருகிறவரை, இப்ப எந்தப் பக்கம் பாப்பா, இப்ப எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டே ஓட்டினார்.

"எம்புள்ள அழுதுகிட்டுப் போகல," என்றாள் ராமுத்தாய். "வண்டி ஓட்டிக்கிட்டுப் போனா. அத அண்ணங்கிட்டச் சொல்லணும்னு எத்தனையோ தடவ உங்க வீட்டுக்கு வந்தேன். நான் முன்வாசல்ல வந்தா அவர் பின்வாசல் வழியா எறங்கிப் போயிருவாரு."

அவள் சொல்லி முடித்ததும், ஒரு கணம், எங்கள் எல்லாருடைய கண்ணும் மேடையில் இருந்த இன்ஜின் பக்கம் போனது. ஜக்கையன் குனிந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். மூன்றாவது பிஸ்டன் இருந்த இடத்திலேயே இருந்தது. பார்த்ததற்காக நாங்கள் வெட்கப்பட்டோம். ராமுத்தாயும் புரிந்துகொண்டு, நான் அதுக்காக வரலை, சொல்லணும்னு இருந்துச்சு, சொல்லிட்டேன் என்று பையை எடுத்துக்கொண்டு இறங்கப் போனாள்.

போதுமணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் அப்பா என்ன சொன்னார் என்று கேட்டாள்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றாள் ராமுத்தாய். மழையில் நனைந்துகொண்டு நின்றார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும்போது அவர் முகத்தைப் பார்த்தாள், கூட வந்தவர்களைக் கொண்டுபோய் விட அந்த முகத்தோடு அவர் திரும்ப மலையேறி இறங்க வேண்டுமே என்று தோன்றியது. "எனக்கும் என்ன சொல்றதுன்னு தெரியல. பாத்துப் போங்கண்ணே, ரோடு வழுக்கும்னேன். அவ்வளவுதான்."

போதுமணி அப்படியே வேனின் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அது நீங்க சொன்னதா அத்தை? கடைசியில காய்ச்சல்ல கெடக்குறப்ப அப்பா அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தாரு. பாத்துப் போகச் சொல்லுச்சு, பாத்துப் போகச் சொல்லுச்சுன்னு. யாருன்னு எங்களுக்குத் தெரியல." அவள் ராமுத்தாயின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு அந்த முகத்தோட அவர் பள்ளத்துல வண்டிய விட்டுருந்தாக்கூட யாரும் ஏன்னு கேட்டிருக்க மாட்டாங்க. அந்த ஒரு வார்த்தையப் பிடிச்சுக்கிட்டுத்தான் வீடு வந்து சேந்திருக்காரு. அதுக்கப்புறம் எங்ககூட இருந்த வருசமெல்லாம் நீங்க குடுத்தது அத்தை. எங்கப்பாவ எங்களுக்கு விட்டுவச்சது நீங்கதான்."

திராட்சைக் கறை படிந்த அந்தக் கைகளை அவள் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். ராமுத்தாய் அவளுடைய தலையில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். அத்தனை வருஷமாக மலையிலோ பள்ளத்தாக்கிலோ யார் முன்னாலும் அழாதவள், அப்போது அழுதாள். யாரும் இன்ஜினைப் பார்க்கவில்லை. அதனால் மூன்றாவது பிஸ்டன் இறங்கியதை நாங்கள் காதால்தான் கேட்டோம், வெகுதூரம் நடந்துவந்த ஆள் கடைசியில் உட்காருகிறபோது விடுகிற மூச்சு மாதிரி ஒரு சத்தம், அதோடு அடியில் மரக்கட்டையில் ராடு போய் மெதுவாகத் தட்டிய ஒரு சத்தம். ஜக்கையன் உளியைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தார்.

புது ரிங்குகள் வந்தன, புது கேஸ்கட் வந்தது, குழிகளைத் தேய்த்து வழுவழுப்பாக்கினார்கள், இன்ஜின் திரும்ப வேனுக்குள் ஏறியது. முதல் முறை சாவியைத் திருப்பியபோது இருமியது, இரண்டாவது முறை கறுப்பாகப் புகைந்தது, மூன்றாவது முறை நின்று ஓட ஆரம்பித்தது. ஊரே கைதட்டியது. ஜக்கையன் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார். அவருக்கு ஒரு பயம் வந்திருந்தது. நல்ல வார்த்தைக்குக் கழன்ற போல்ட்டுகள் ஆயிற்றே, இந்தச் சனங்கள் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, பாறை வளைவில் போகும்போது, ஆகா என்ன வண்டி, நல்லாருப்ப என்று ஆளாளுக்கு ஆரம்பித்தால் என்ன ஆவது? எவ்வளவு முறுக்கியிருந்தாலும் அவரால் உத்தரவாதம் தர முடியாது. ஆகவே வண்டி ஓடும்போது உள்ளே யாரும் வண்டியையோ ஒருவரை ஒருவரோ நல்லதாக ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, சொல்ல இருப்பதை இறங்கின பிறகு தள்ளி நின்று சொல்லிக்கொள்ள வேண்டும் என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார். மேல்சுனைக்காரர்கள் யோசித்துப் பார்த்து, நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டார்கள்.

முதல் பயணத்தில் போதுமணி ஓட்டினாள், பக்கத்தில் ராமுத்தாய் உட்கார்ந்திருந்தாள், மலையை விட்டு இறங்கிய பிறகு அவள் திரும்ப ஏறுவது அதுதான் முதல் தடவை. பின்னால் முத்துப்பேச்சியும் மேல்சுனைப் பெண்களும், மாசமாக இருந்த இரண்டு பேரும், மடியில் பைகளும் காலடியில் கோழிகளுமாக நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். வளைவுகள் ஒவ்வொன்றாகக் கீழே போயின, வண்டி மூச்சு வாங்காமல் ஏறியது. பாறை வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் ராமுத்தாய் நிறுத்தச் சொன்னாள். போதுமணி இன்ஜினை அணைத்தாள். ராமுத்தாய் இறங்கிப் போய் ரோட்டோரத்தில் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பஞ்சு மாதிரி மேகம் அவள் காலடியில் போய்க்கொண்டிருந்தது. அவள் திரும்பி வந்து ஏறி உட்கார்ந்து, போலாம் தாயி என்றாள்.

போதுமணி சாவியைத் திருப்பினாள். வண்டி கிளம்பிய அதே நொடியில் பின்னால் இருந்த பெண்களுக்கெல்லாம் நெஞ்சு நிரம்பி, வாயில் வந்து முட்டியது என்ன என்பது அவரவருக்குத் தெரிந்தது, பக்கத்தில் இருந்தவளுக்கும் அதேதான் முட்டுகிறது என்பதும் தெரிந்தது, வளைவோ எதிரே வந்துகொண்டிருந்தது. முத்துப்பேச்சிதான் சட்டென்று சுதாரித்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவளின் விலாவில் ஒரு இடி இடித்து, ஏண்டி என் காலுமேலயே கூடைய வச்சிருக்க, கண்ணு அவிஞ்சா போச்சு என்று ஆரம்பித்தாள். இடிபட்டவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உன் கால எவ மிதிச்சா என்று திருப்பிக்கொடுத்தாள். அடுத்தவள் கோழியைப் பேச்சுக்கு இழுத்தாள், அதற்கடுத்தவள் போன வருஷம் வாங்கித் திருப்பிக் கொடுக்காத அரிவாளை இழுத்தாள், மாசமானவர்கள் இரண்டு பேரும் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை பிடித்தார்கள், மூக்கை உறிஞ்சிக்கொண்டும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டும் ஒருத்திக்கொருத்தி விட்டுக்கொடுக்காமல் கத்தினார்கள். ராமுத்தாயும் திரும்பி உட்கார்ந்து அவர்களோடு சேர்ந்து திட்ட ஆரம்பித்தாள். அந்தக் கூச்சலோடு, ஒரு நட்டுகூடத் தளராமல், சென்றாயனின் வேன் பாறை வளைவில் திரும்பி மேல்சுனைக்கு ஏறியது.